பக்கத்துக் காட்டில் பருத்தி, 2,4-டி அடிக்கலாமா?

கேள்வி: மக்காச்சோளம் விதைத்து மூன்று வாரம் ஆகிறது, சாரணை மண்டிவிட்டது. 2,4-டி களைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் பருத்தி இருக்கிறது, பரவாயில்லையா?

பதில்: அடிக்காதீர்கள். மக்காச்சோளம் புல் இனம் என்பதால் 2,4-டியைத் தாங்கும், சாரணை போன்ற அகன்ற இலைக் களைதான் முறுக்கிக்கொண்டு சாகும், அதெல்லாம் சரி. ஆனால் பருத்திக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது. காற்றில் துளி சாரல் போனாலும் புதுத்துளிர் விரல் விரலாகக் குறுகி, நரம்பு புடைத்து, வெண்டை இலை மாதிரி ஆகிவிடும், சப்பையும் (பூ மொட்டு) கொட்டும். பக்கத்துக் காட்டுக்காரரோடு வீண் சண்டை வேறு. ஆள் கிடைக்கவில்லை என்றாலும் இந்த முறை கைக்களைதான்.

அடுத்த போகத்தில் விதைத்த மூன்றாம் நாள், மண் ஈரமாக இருக்கும்போது, ஏக்கருக்கு 200 கிராம் அட்ரசின் என்ற களைக்கொல்லியின் 50 சதத் தூளைத் தெளித்துவிடுங்கள், ஊடுபயிராக உளுந்தோ தட்டைப்பயறோ போடுவதாக இருந்தால் மட்டும் அது வேண்டாம். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம், அப்புறம் களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள், கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றவே கூடாது.