சீரியல் கொலையும் கோர்ட் கொலையும்: கடலூர் வக்கீலிடம் கேள்வி பதில்

டிவி க்ரைம் தொடர்களில் இடிக்கிற இடங்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கடலூரில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன் என்பதால் கேள்விகள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

நெல்லிக்குப்பம் வாசகி: வக்கீல் சார், கடைசி எபிசோடில் இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டுகிறார், வில்லன் "ஆமா, நான்தான் கொன்னேன்" என்று கத்துகிறான். கேஸ் முடிந்தது என்கிறார்கள். நிஜத்தில் அப்படித்தானா?

நிஜத்தில் அங்கேதான் கேஸ் ஆரம்பிக்கும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராகக் கோர்ட்டில் வைக்க முடியாது. 1872 சாட்சியச் சட்டத்தில் இது 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவு. நம்பர் மாறியதே தவிர சங்கதி மாறவில்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. "கத்தியைக் கெடிலம் பாலத்துக்குக் கீழே புதரில் வீசினேன், வந்தால் காட்டுகிறேன்" என்று சொல்லி, அங்கே கத்தியும் கிடைத்தால், அந்த இடத்தைச் சொன்ன பகுதி மட்டும் செல்லும். "அதால்தான் குத்தினேன்" என்பது செல்லாது. கத்தியை எடுக்கும்போது வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் பக்கத்தில் நின்று மகஜரில், அதாவது கைப்பற்றிய விவரத்தை எழுதுகிற தாளில், சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். அப்புறம் குறுக்கு விசாரணையில் எங்களுக்கு அந்தக் கையெழுத்துதான் பிடி. எத்தனை மணிக்குப் போனீர்கள்? மகஜரை எழுதியது யார்? கத்தியில் சேறு இருந்ததா? வேனில் போனீர்களா, ஜீப்பிலா? ஒருவர் வேன் என்பார், மற்றவர் ஜீப் என்பார். கோர்ட்டே நிமிர்ந்து உட்காரும். இத்தனை நல்ல கட்டம் கையில் இருக்க, கதை எழுதுகிறவர்கள் மேஜையைத் தட்டுவதை விடமாட்டேன் என்கிறார்கள்.

தேவனாம்பட்டினம் வாசகர்: சில்வர் பீச் மாதிரி ஒரு கடற்கரையில் பிணம். டாக்டர் கழுத்தைத் தொட்டுவிட்டு "நேற்று ராத்திரி 11.40க்கு உயிர் போயிருக்கு" என்கிறார். முடியுமா சார்?

முடியவே முடியாது. செத்த உடம்பு மெல்ல ஆறும், அதை வைத்து நேரம் போடலாம் என்பது குளிர்ப் பிரதேசத்தில் ஓரளவு சரி. உடம்புச் சூடு 37 டிகிரி. மே மாதம் நம் ஊரில் வெளியிலும் அதே சூடு இருக்கும்போது உடம்பு எங்கே போய் ஆறுவது? விறைப்பும் நம் வெக்கையில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விட்டுவிடும். பிறகு வலது அடிவயிற்றில் பச்சை படரத் தொடங்கும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து டாக்டர் எழுதுவது, "பரிசோதனைக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இறந்திருக்கலாம்" என்கிற மாதிரி ஒரு வரிதான். எங்கள் கட்சிக்காரர் தப்பிப்பதும் மாட்டுவதும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்தான்.

இன்னொன்று. அந்தத் தொடர்களில் நள்ளிரவில் பிரேதப் பரிசோதனை நடக்கும். வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் ஒன்றிய அரசு அனுமதித்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, அழுகிய உடல் போன்றவற்றுக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வந்தாலொழிய, அது பொருந்தாது.

வில்லியனூர் வாசகர்: சென்னையில் நடக்கிற கதை என்கிறார்கள். பின்னால் சிவப்புத் தொப்பிப் போலீஸ் நிற்கிறார்!

நல்ல கண்ணு உங்களுக்கு. அந்தச் சிவப்பு கெப்பி பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து புதுச்சேரிக் காவலர்கள் தலையில் இருப்பது. ஒயிட் டவுனில் ஷூட்டிங் முடித்துவிட்டுச் சென்னை என்று போர்டு மாட்டினால் இப்படித்தான். தெருவில் நிற்கிற பி.ஒய். 01 என்கிற புதுச்சேரி நம்பர் வண்டிகளையும் பாருங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை, வில்லன் முள்ளோடையைத் தாண்டியதும் "இனி நம்ம எல்லை இல்ல" என்று புதுச்சேரி ஜீப் பிரேக் போடுவது. ஓடுகிறவனை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் துரத்திப் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கடலூர் வரைக்கும் தாராளமாக வரலாம்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: ஜட்ஜ் சுத்தியல், பகவத் கீதை சத்தியம்?

இரண்டும் சினிமா. இங்கே கோர்ட்டில் சுத்தியல் கிடையாது. சாட்சி கூண்டில் நின்று கடவுள் பெயரால் சத்தியம் செய்வார், அல்லது வெறும் உறுதிமொழி சொல்வார். 1969 சட்டப்படி அவ்வளவுதான்.

பாகூர் வாசகர்: மயக்க மருந்துக் கர்ச்சீப்? சைலன்சர் போட்ட ரிவால்வர்?

குளோரோஃபார்மில் ஒருவர் நினைவிழக்க ஐந்து நிமிஷமாவது மூச்சிழுக்க வேண்டும். அதுவரை வில்லன் மூக்கைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் சத்தம் அந்த வழியாக வந்துவிடும். பழைய ரஷ்ய நாகன் ரிவால்வர் விதிவிலக்கு, ஆனால் தொடரில் வைத்திருந்தது அது இல்லை.

பண்ருட்டி வாசகர்: மாஜிஸ்திரேட் தூக்குத் தண்டனை கொடுத்தார் அண்ணே, மறுவாரமே தூக்கு.

கொலை வழக்கை விசாரிப்பது செஷன்ஸ் கோர்ட். அங்கே தூக்கு விதித்தாலும் ஐகோர்ட் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. கடலூரானாலும் புதுச்சேரியானாலும் கோப்பு சென்னைக்குத்தான் போக வேண்டும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் அதிகபட்சம் கொடுக்கக்கூடியது மூன்று வருஷம். நீங்கள் சொன்ன காட்சியில் அவர் பேனா முள்ளை வேறு உடைத்திருப்பாரே? மூன்று வருஷத்துக்கெல்லாம் ஒரு நல்ல பேனாவைக் கெடுப்பானேன்!