சில்வண்டின் சத்தத்தில் இடம் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: எஸ்டிஆர் டாங்கிளில் (கணினியில் செருகும் சிறு ரேடியோ வாங்கி) 149.94 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சிக்னல் கால் மணி நேரம் கேட்டது. அலைவரிசை இறங்கிக்கொண்டே போய் மறைந்துவிட்டது. சோவியத் கால வழிகாட்டி செயற்கைக்கோள் 'சிகாடா' என்கிறார் நண்பர். இதை வைத்து என் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: குடும்பம் சரி, ஆள்தான் வேறாக இருக்கலாம். சிகாடா என்றால் ரஷ்ய மொழியில் சில்வண்டு. 1976 முதல் வணிகக் கப்பல்களுக்காக ஏவப்பட்டது. அதன் ராணுவ அண்ணன் 'பாருஸ்'. கடைசி பாருஸ் 2010-இல்தான் மேலே போனது. ஆகவே நீங்கள் கேட்டது அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் உயரம் சுமார் 1,000 கி.மீ., நிலநடுக்கோட்டுக்குச் சுற்றுப்பாதையின் சாய்வு 83 பாகை, ஒரு சுற்றுக்கு 105 நிமிடம். 150, 400 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள். அயனி மண்டலம், அதாவது மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு, இரண்டையும் வெவ்வேறு அளவில் பாதிக்கும். ஒப்பிட்டால் அந்தப் பிழையைக் கழித்துவிடலாம்.

இருப்பிடம் கிடைப்பது நீங்கள் கவனித்த அந்த இறக்கத்தில்தான். செயற்கைக்கோள் நெருங்கும்போது அலைவரிசை 3 கிலோஹெர்ட்ஸ் வரை கூடித் தெரியும்; விலகும்போது அதே அளவு குறையும். நடுவில் சட்டென்று விழும் நொடிதான் அது உங்களுக்கு மிக அருகில் இருந்த நேரம். விழுகை செங்குத்தாக இருந்தால் பக்கத்தில் போனது, சரிவாக இருந்தால் தூரத்தில் போனது. பாதையும் நேரமும் தெரிந்தால் இடம் வந்துவிடும்.

ஜிபிஎஸ் போல நினைத்த நேரத்தில் வராது. அந்தக் காலக் கப்பல்களே அடுத்த செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்வரை காத்திருந்தன. கப்பலின் வேகத்தை ஒரு நாட் (மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) தப்பாகக் கொடுத்தாலே சில நூறு மீட்டர் பிழை வரும். வீட்டு மாடி நகராது என்பதால் அந்தத் தொல்லை உங்களுக்கில்லை.

சரி, செய்து பாருங்கள். கணினிக் கடிகாரத்தை முதலில் சரிபார்த்துக்கொண்டு, செயற்கைக்கோள் உங்கள் வானத்தைக் கடக்கும் ஒரு கடப்பை முழுதாகப் பதிவு செய்யுங்கள். பொதுவில் கிடைக்கும் சுற்றுப்பாதைத் தரவோடு பொருத்துங்கள். டாங்கிளின் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகம் சூட்டில் நழுவும்; அந்த விலகலையும் தெரியாத எண்ணாகவே கணக்கில் சேருங்கள். பாதைக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என இரண்டு விடை வரும். ஒன்று கடலுக்குள் விழுந்தால் வேலை மிச்சம். இல்லாவிட்டால் இன்னொரு கடப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.