அம்மை போட்டு இரண்டு வாரம் லீவு: விட்டுப்போன நோட்டையும் ப்ராஜெக்ட்டையும் என்ன செய்வது?

கேள்வி: என் மகன் மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அம்மை போட்டதால் இரண்டு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. திரும்பிப் போன அன்றே, விட்டுப்போன எல்லா நோட்டையும் மூன்று நாளில் எழுதி முடிக்கச் சொல்லிவிட்டார்கள். முடிக்காததற்கு ஒரு பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். நாயக்கர் காலக் கட்டடங்கள் பற்றிய ப்ராஜெக்ட்டைத் தேதி தாண்டிக் கொடுத்தால் மதிப்பெண் கிடையாதாம். நானும் மூத்த மகளும் எழுதிக் கொடுத்துவிடலாமா? பள்ளியில் போய்க் கேட்டால் பையனுக்குச் சிக்கல் வருமா? (திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். பள்ளிக்குப் போய்க் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

விட்டுப்போனது பாடமா, நோட்டா? முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்து நாள் நோட்டைப் பார்த்து எழுதினால் கை வலிக்கும், பாடம் ஏறாது. சிநேகிதன் நோட்டிலிருந்து அப்படியே இறக்கிய கணக்கை நாளைக்குப் பலகையில் போடச் சொன்னால் தம்பி திணறுவான். கணக்கில் முழுக்களின் கூட்டல், கழித்தல் நடந்தபோது அவன் வீட்டில் இருந்திருந்தால், அடுத்து வரும் இயற்கணிதம் ஒன்றுமே புரியாது. அதனால் கணக்குதான் முதலில். அப்புறம் தமிழ், ஆங்கில இலக்கணம். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் புத்தகத்தைப் படித்து, கேள்வி கேட்டால் வாயால் சொல்லத் தெரிந்தால் போதும். அந்த நோட்டுப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொள்ள அனுமதி கேளுங்கள். கேட்டால் பல ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இது பரிந்துரைதான். ஆனாலும் ஆசிரியரிடம் பேசும்போது கையில் இருக்க வேண்டிய அளவுகோல். அன்றன்றைய வீட்டுப்பாடத்துக்கே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். பாக்கிக்கு அதற்கு மேல் அரை மணி நேரம் வைக்கலாம். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் கொஞ்ச நாள் உடம்பில் அசதி இருக்கும். அந்த உடம்போடு ராத்திரி பத்து மணி வரை எழுத உட்கார வைக்காதீர்கள்.

எத்தனை நாள் வரவில்லையோ, அத்தனை நாள் கூடுதல் அவகாசம். எந்தப் பள்ளிக்கும் நான் சொல்லும் விதி இது. உங்களுக்கு இரண்டு வாரம் நியாயமாகவே கிடைக்க வேண்டும். வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: “அம்மையின் காரணமாக என் மகன் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வர இயலவில்லை. விட்டுப்போனவற்றில் கட்டாயம் முடிக்க வேண்டியவை எவை என்று ஒவ்வொரு பாடத்துக்கும் குறித்துத் தந்தால், இரண்டு வாரத்துக்குள் அவனே செய்து காட்டுவான்.” டாக்டர் சீட்டு இருந்தால் இணையுங்கள். ‘அவனே’ என்பதை விட்டுவிடாதீர்கள். அதைப் பார்க்கும் ஆசிரியர் பெரும்பாலும் இறங்கி வருவார்.

ப்ராஜெக்ட் விஷயம் கொஞ்சம் வேறு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் நூறு மதிப்பெண்ணில் வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் நடக்கும்போதே பார்ப்பது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ முடிவுத் தேர்வு) 60. அந்த 40-இல் செயல்பாடுகளுக்கு மட்டும் 20. ப்ராஜெக்ட் அதில்தான் வரும். பிள்ளை என்ன கற்றிருக்கிறான் என்று தொடர்ந்து பார்க்கத்தான் அந்த மதிப்பெண். காய்ச்சலோடு படுத்திருந்தவனுக்குப் பூஜ்யம் போட்டால், அவனுக்குத் திருமலை நாயக்கரைப் பற்றி என்ன தெரியும் என்பது அதில் எப்படித் தெரியும்? சும்மா இருந்துவிட்டுக் கடைசி நாளில் கையை விரிக்கும் பிள்ளைக்குத் தேதி கறாராக இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் மகன் நிலை அது அல்ல.

மாற்று வழி ஒன்றை நீங்களே முன்வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப் போங்கள். அந்தப் பெரிய தூண்களையும் வளைவுகளையும் பார்த்து, தன் கையால் இரண்டு பக்கம் எழுதி, ஒரு படம் வரையட்டும். திங்கட்கிழமை வகுப்பில் ஐந்து நிமிடம் பேசட்டும். கடையில் படம் வாங்கி ஒட்டிய சார்ட்டைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் மகள் உதவ விரும்பினால், கூடப் போய்க் கேள்வி கேட்கட்டும். பேனாவைத் தொட வேண்டாம்.

வெளியே நிற்க வைத்ததை மட்டும் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. தனியார் பள்ளி என்பதால் இது மாறாது. வீட்டுப்பாடத்துக்காக வகுப்பறைப் பாடத்தையே பறிப்பது எந்த வகையிலும் சரியில்லை. ஏற்கெனவே இரண்டு வாரம் இழந்தவனுக்கு இன்னொரு பீரியடும் போயிற்று. முதலில் வகுப்பாசிரியரிடம் தனியாக, குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். மற்ற பெற்றோர் முன்னாலோ வாட்ஸ்அப் குழுவிலோ வேண்டாம். மறுபடி நடந்தால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் இருக்கின்றன. நான் பார்த்தவரை பெரும்பாலானவை வகுப்பாசிரியரிடமே முடிந்துவிடும். பெற்றோர் விவரத்தோடு வந்து பேசினால் பிள்ளையைப் பழிவாங்குவதைவிட கவனமாக நடத்துவதுதான் அதிகம்.

இன்னொன்று. அடுத்த முறை லீவு மூன்று நாளைத் தாண்டும் என்று தெரிந்தால் முதல் நாளே பள்ளிக்குச் சொல்லிவிடுங்கள். அதே வகுப்பில், பக்கத்துத் தெருவில் ஒரு பையனைப் பேசி வையுங்கள். தினமும் சாயங்காலம் ‘இன்னைக்கு என்ன நடந்தது’ என்று போனில் இரண்டு நிமிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால், திரும்பிப் போகும் அன்று எங்கே ஆரம்பிப்பது என்றாவது தம்பிக்குத் தெரியும்.