முதல் சுழற்சி கணக்கு முடிப்பில் விழுந்தால்

புதிய பட்டதாரிகளைப் பிரிவு பிரிவாக மாற்றிப் பயிற்சி தரும் பட்டதாரி சுழற்சித் திட்டத்தில் சேர்ந்த உங்களை, கேட்ட நிதித் திட்டமிடல் பிரிவுக்கு அனுப்பாமல் மாத இறுதிக் கணக்கு முடிப்பில் போட்டுவிட்டார்கள் என்று வருந்துகிறீர்கள். எனக்கென்னவோ அது நல்லதாகவே படுகிறது. பில் வராத செலவுக்கு ஏன் இந்த மாதமே பதிவு போடுகிறார்கள், அடுத்த மாதம் அதை ஏன் திருப்பி எழுதுகிறார்கள் என்று கைப்படச் செய்தவருக்குத்தான், பட்ஜெட்டை மீறிய தொகை உண்மையிலேயே கூடிய செலவா, மாதம் மாறி விழுந்த பதிவா என்பது சட்டென்று பிடிபடும். திட்டமிடல் பிரிவில் ஓயாமல் கேட்கப்படும் கேள்வியே அதுதான்.

அடுத்த இடத்தை மட்டும் விதியிடம் விட்டுவிடாதீர்கள். இடமாற்றப் பட்டியல் தயாராகும் முன்பே திட்டமிடல் மேலாளரை நேரில் பாருங்கள். அவர்களுடைய மாதாந்திர அறிக்கைக்கு ஒரு செலவுத் தலைப்பில் பட்ஜெட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் ஏன் வித்தியாசம் என்ற விளக்கக் குறிப்பை எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். மனிதவளத் துறையின் விருப்பப் படிவத்தை அதற்குப் பிறகு நிரப்பினால் போதும்.