ஆச்சி ஏன் பல்டி அடிச்சா?

அண்ணாச்சி வணக்கம். உங்க நாவலை ரெண்டு ராத்திரியில முடிச்சிட்டேன். கொலையை நேர்ல பாத்த ஒரே ஆளு அந்த ஆச்சி, கூண்டுல ஏறினதும் "நான் ஒண்ணும் பாக்கல"ன்னுட்டா, கொலை செஞ்சவனும் வெளிய வந்துட்டான். நம்ம வக்கீல் எந்திச்சு நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி பேசுற சீன் கூட இல்ல. ஆச்சியை அவ்வளவு நல்லவளா காட்டிட்டு இப்படிச் செய்யலாமா? நியாயம் எங்க?
- அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு வாசகர்

தம்பி,

உங்க கோவம் நியாயம்தான். அந்த அத்தியாயத்தை நாலு தடவை எழுதினேன், மூணு தடவை ஆச்சி உண்மையைத்தான் சொன்னா, படிச்சுப் பாத்தா அது அவ பேசுறதா இல்ல, நான் பேசுறதா இருந்துச்சு.

ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையான்னு சொல்ல கோர்ட்ல உக்கார வச்ச பொதுஜனம், இருந்த காலத்துல வக்கீல் பேச்சுக்கு ஒரு வேலை இருந்துச்சு. லட்சுமிகாந்தன் கொலை வழக்குல பாகவதரையும் என்.எஸ்.கே.வையும் 1945ல குற்றவாளின்னு சொன்னது ஜூரிதான், அப்புறம் லண்டன்ல இருந்த மேல்முறையீட்டுக் கோர்ட்டான பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1947லதான் ரெண்டு பேரும் விடுதலையானாவ. 1973ல வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல ஜூரிக்கு இடமே இல்லாம போச்சு. இப்ப யார் மனசை உருக்கப் பேசணும்? எதிர்ல ஒரு ஜட்ஜ், பக்கத்துல டைப்பிஸ்ட், அவ்வளவுதான்.

சின்ன வயசுல பாளையங்கோட்டையில ஒரு வக்கீல் ஆபீஸ்ல எழுத்து வேலை பாத்தேன். அங்க ஒரு கொலைக் கேஸ்ல ஒரு கிழவி சாட்சிக்கு வந்தா, கூண்டுக் கட்டையைப் பிடிச்ச கையில தேள் பச்சை குத்தியிருந்துச்சு, அரசு வக்கீல் கேக்கக் கேக்க "இல்லய்யா, இல்லய்யா"ன்னு மட்டும்தான் சொன்னா, ஆனா பேப்பர்ல எப்படி ஏறுச்சு தெரியுமா, "போலீசார் விசாரித்தபோது நான் சம்பவத்தை நேரில் பார்த்ததாகச் சொன்னேன் என்றால் சரியல்ல". ஒரு பொம்பளையோட பயம் பூரா அந்த 'சரியல்ல'க்குள்ள அடங்கிப்போச்சு. வெளிய வந்து என்கிட்ட அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "ஏய்யா, இதை விட்டா அடுத்த பஸ் எப்ப?" எதிரியோட ஆளுக பத்துப் பேரு அந்த பஸ்லதான் ஊருக்குப் போறாவ, ஊருக்கு இருக்கதே ரெண்டு பஸ்ஸு. ரெண்டு மணி நேரம் வேப்பமரத்தடியில உக்காந்திருந்தா.

முன்னாடி சொன்னதை கோர்ட்ல மாத்திச் சொல்ற ஆளை பிறழ் சாட்சின்னு அறிவிச்சுட்டா சாட்சியம் மொத்தமும் வீண்னு நிறைய பேரு நெனைக்காவ, அப்படியில்ல, நம்புற மாதிரி உள்ள பகுதியை கோர்ட் எடுத்துக்கலாம், ஆனா ஆச்சி எதையுமே மிச்சம் வைக்கலையே, போலீஸ்கிட்ட முன்னாடி சொன்னதை முரண்பாடு காட்டத்தான் வச்சுக்கலாம், அதையே சாட்சியமா எடுக்க முடியாது. வேற சாட்சியும் இல்ல. அந்த ஜட்ஜ் விடுதலைதான் பண்ண முடியும், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு சுப்ரீம் கோர்ட் 2018லயே ஒப்புதல் குடுத்து நாடு முழுக்க நடைமுறைப்படுத்தச் சொல்லிருச்சு, மாவட்ட நீதிபதி தலைமையில ஒரு கமிட்டி, மனு குடுத்தா பாதுகாப்பு. அப்படி ஒரு மனு உண்டுன்னு ஆச்சிகிட்ட ஒருத்தரும் சொல்லல பாத்தீங்களா, என் கோவம் எல்லாம் அங்கதான். உண்மையைச் சொல்லும்மான்னு சொல்ல அத்தனை பேரு வந்தாவ, சொல்லிட்டு எப்படி வீடு போய்ச் சேருவேன்னு கேக்க ஒரு ஆளு வரல. அவளைக் கோழைன்னு எழுத எனக்குக் கை வரல தம்பி.

நாவல் விடுதலையோட முடியலையே. கடைசிப் பக்கத்துல செத்த பையனோட அம்மா மதுரை பஸ்ல ஏறுதா. 2009ல வந்த சட்டத் திருத்தத்துக்கப்புறம் பாதிக்கப்பட்டவங்களே விடுதலையை எதிர்த்து அப்பீல் போடலாம், நம்ம மாவட்டத்துக்கு ஹைகோர்ட் மதுரைக் கிளைதான். அவ பக்கத்து சீட்ல ஒரு ஆளு, முகத்தை எழுதல, முறுக்குப் பொட்டலத்தைப் பிரிச்சு நீட்டுற கையை மட்டும்தான் எழுதியிருக்கேன். அந்தக் கையில தேள் பச்சை இருக்கும், இன்னொரு தடவை பாருங்க.