சைல்ட் லைஃப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்கு விளையாட்டு வழியே துணை நிற்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு தனித் தொழில். அதற்குச் சைல்ட் லைஃப் என்று பெயர். பயிற்சி மாணவர்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர், விண்ணப்பிக்கிறவர்களும் ஏற்கெனவே வார்டில் இருப்பவர்களும் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

டல்லாஸ், இளங்கலை மாணவி: அக்கா, பிராக்டிகமும் இன்டர்ன்ஷிப்பும் ஒண்ணுதானா? எத்தனை மணி நேரம் வேணும்?

இரண்டும் வேறு. சான்றிதழ்த் தேர்வுக்குக் கணக்கில் வருவது இன்டர்ன்ஷிப். சான்றிதழ் பெற்ற நிபுணரின் மேற்பார்வையில் குறைந்தது 600 மணி நேரம் செய்ய வேண்டும். வாரம் 40 மணி நேரம் என்றால் 15 வாரம் ஆகும். பிராக்டிகம் அதற்கு முந்தைய சின்னப் படி. சான்றிதழுக்குக் கட்டாயமில்லை, ஆனால் இன்டர்ன்ஷிப் இடத்துக்குப் போட்டி கடுமை என்பதால் அதைச் செய்தவர்களுக்குக் கை ஓங்கும்.

இதோடு இளங்கலைப் பட்டமும் 10 பாடங்களும் தேவை. குழந்தை வளர்ச்சி, குடும்ப அமைப்பு, விளையாட்டு, இழப்பும் துக்கமும், ஆய்வுமுறை எல்லாம் அதில் அடங்கும். சைல்ட் லைஃப் பாடம் ஒன்று உண்டு, பலர் சறுக்குவது அங்கேதான். அதை நடத்துகிறவரும் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். பாடத்தின் பெயர் சரியாக இருந்து, ஆசிரியருக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தப் பாடம் செல்லாது. பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

ஹூஸ்டன், எஃப்-1 மாணவர் விசாவில் முதுகலை: சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்தானே, அனுமதி எதுக்கு?

சம்பளம் இல்லை என்பதால் அனுமதி வேண்டாம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசி சிபிடி, அதாவது படிப்பின் பகுதியான பயிற்சிக்குரிய அனுமதி, வாங்குங்கள். இன்டர்ன்ஷிப் உங்கள் படிப்பின் ஒரு பகுதியாக, பதிவு செய்த பாடமாக இருக்க வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்து முடித்திருக்கவும் வேண்டும். படிப்பு முடிந்த பிறகு சிபிடி கிடையாது. அதனால் 'பட்டம் வாங்கிட்டு நிதானமா 600 மணி நேரம் செய்யலாம்' என்ற திட்டம் சிபிடியில் நடக்காது. முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி, போய்விடும். 15, 16 வாரத்தில் அந்த அபாயம் இல்லை.

அதே மாணவி: தடுப்பூசி அட்டை ஊரில இருக்கு. அது போதுமா?

பெரும்பாலும் போதாது. சின்னம்மைத் தடுப்பூசி இந்திய அரசின் பொது அட்டவணையில் இல்லை. தனியாகப் போட்டிருந்தால்தான் அட்டையில் இருக்கும். அது இல்லையென்றால் ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்வார்கள். இல்லையென்று வந்தால் இரண்டு தவணை ஊசி, இடையில் குறைந்தது 4 வாரம். காசநோய்க்கும் ஒரு சிக்கல் உண்டு. சிறு வயதில் பிசிஜி போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை பொய்யாக வீங்கிக் காட்டலாம். ரத்தப் பரிசோதனையாகவே கேட்டு வாங்குங்கள். இதற்கெல்லாம் இரண்டு மாதம் முன்பே இறங்குங்கள்.

சிகாகோ, அடுத்த வாரம் தொடங்குகிறவர்: முதல் நாள் பையில என்னென்ன கொண்டு போகணும்?

பையை விடுங்கள். பொம்மையோடு அறைக்குள் பாய்கிற மாணவரைவிட, வாசலில் நின்று கதவில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படிக்கிற மாணவரைத்தான் மேற்பார்வையாளருக்குப் பிடிக்கும். தொடுதல், நீர்த்துளி, காற்று என்று ஒவ்வொரு தனிமைப்படுத்தலுக்கும் கவசம் வேறு. சி. டிஃப் (வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி) என்று எழுதியிருந்தால் ஆல்கஹால் ஜெல் பயன்படாது. அந்தக் கிருமியின் வித்துகள் ஜெல்லுக்குச் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான்.

வீட்டிலிருந்து எதையும் கொண்டுபோகாதீர்கள். துடைக்க முடியாத பொருள் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குப் போகக் கூடாது. பஞ்சுப் பொம்மை கொடுத்தால் அது அந்தக் குழந்தைக்கே. மாவுக்களிமண் டப்பாவும் ஆளுக்கு ஒன்று. அதில் கோதுமை இருப்பதால் ஒவ்வாமைப் பட்டியலைப் பார்க்காமல் திறக்காதீர்கள். கிருமிநாசினித் துணியால் பொம்மையைத் துடைத்தவுடன் உலர்த்திவிடுவது புது மாணவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. டப்பாவில் எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அதுவரை ஈரம் காயக் கூடாது, காய்ந்தால் மறுபடி துடைக்க வேண்டும்.

3 வயதுக்குட்பட்டவர்களுக்கு, 3.17 செ.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கும் எந்தத் துண்டும் ஆகாது. ரப்பர் பலூன் எந்த வயதுக்கும் வேண்டாம். ஒவ்வாமை ஒரு காரணம், வெடித்த துண்டு தொண்டையை அடைப்பது இன்னொன்று. கையுறையை ஊதிப் பொம்மை செய்வதும் அதே கணக்குதான், எவ்வளவு அழகாக இருந்தாலும். பலருக்குத் தெரியாத ஒன்று: மூளை நீரை வடிக்கும் ஷன்ட் வைத்த குழந்தைகளில் சிலருக்கு வால்வின் அளவைக் காந்தத்தால் மாற்றுவார்கள். காந்தப் பொம்மையைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்த அளவு மாறிவிடக்கூடும். நரம்பியல் வார்டுக்குக் காந்த எழுத்து, காந்தக் கட்டை எதையும் எடுத்துப் போகாதீர்கள்.

டொராண்டோ, இன்டர்ன்: அஞ்சு வயசுப் பையனுக்கு ஐவி (ரத்த நாளத்துல மருந்துக் குழாய்) போடப் போறாங்க. படிப்படியா எப்படித் தயார் பண்றது?

முதலில் குழந்தையிடம் போகாதீர்கள், நர்ஸிடம் போங்கள். எத்தனை மணிக்கு, எந்தக் கை, மரத்துப்போகும் கிரீம் போட்டாயிற்றா? எம்லா என்றால் மேலே ஒட்டுப்படலம் ஒட்டிக் குறைந்தது 60 நிமிடம் விட வேண்டும். 4 சதவீத லிடோகெய்ன் கிரீம் பலவற்றுக்கு 30 நிமிடம் போதும். கிரீம் தடவிப் பத்தாவது நிமிடம் ஊசி ஏறினால் குழந்தைக்கு வலிக்கும், அதன் பிறகு நீங்கள் சொல்வது எதையும் அவன் நம்ப மாட்டான். நேரம் போதவில்லை என்றால் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்பதும் உங்கள் வேலைதான்.

அடுத்து, அவனுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். 'கையில ஊசி வச்சுட்டு அப்படியே விட்டுடுவாங்க' என்பான். இந்த வயதில் பெரிய பயமே அதுதான். ஊசியை எடுத்துவிடுவார்கள், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான் உள்ளே இருக்கும் என்பதை ஊசி நீக்கிய நிஜக் குழாயைத் தொடவைத்துக் காட்டுங்கள்.

பிறகு துணிப்பொம்மையும் நிஜப் பொருள்களும். வரிசை மாறாமல், உடம்புக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிச் செய்யுங்கள்: ரப்பர் பட்டை இறுக்கும், துடைக்கும் பஞ்சு ஜில்லென்று இருக்கும், டேப் ஒட்டும், உப்புநீர் ஏற்றும்போது சிலருக்கு வாயில் உப்புக் கரிக்கும். குத்தும் இடத்தில் 'வலிக்காது' என்று சொல்லாதீர்கள். 'சில பேருக்கு அழுத்துற மாதிரி இருக்கும், சில பேருக்குச் சுருக்குனு இருக்கும். உனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்றியா?' என்று கேளுங்கள். பொம்மைக்கு அவனே போடட்டும். ஓங்கிக் குத்தினால் பதறாதீர்கள், தடுக்கவும் வேண்டாம்.

எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது நிஜமாகவே தேர்ந்தெடுக்க விடுங்கள். 'ஊசி போட்டுக்கலாமா?' என்று கேட்டு அவன் 'வேண்டாம்' என்றால் என்ன செய்வீர்கள்? பார்க்கணுமா வேண்டாமா, அம்மா மடியா அப்பா மடியா, எண்ணணுமா குமிழி ஊதணுமா என்று கேளுங்கள்.

ஊசி போடும்போது படுக்கவைத்து நாலு பேர் அமுக்குவது கடைசி வழி. பெற்றோர் மடியில் நெஞ்சோடு நெஞ்சு சாய்ந்து உட்காரட்டும், பெற்றோர் கை அவன் முதுகைச் சுற்றி அணைத்திருக்கட்டும், ஐவி போடும் கை மட்டும் பெற்றோரின் கைக்கு அடியில் வெளியே நீண்டிருக்கட்டும். அறையில் ஒருவர் குரல்தான் கேட்க வேண்டும். யார் பேசுவது என்பதை உள்ளே போகும் முன்பே நர்ஸோடு முடிவு செய்யுங்கள். எல்லோரும் சேர்ந்து 'குட் பாய், குட் பாய்' என்று கத்துவது ஆறுதல் ஆகாது. முடிந்ததும் அரை மணிக்குள் பொம்மையோடு மறுபடி போங்கள், சொல்லாமல் விட்ட பயம் அப்போதுதான் வெளியே வரும். திரும்பும்போது சிரிஞ்சு மூடிகளை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டையில் சிக்கும் அளவு அவை.

இரண்டு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு முன்கூட்டிச் சொன்னால் பயம்தான் நீளும். சில நிமிடம் முன்பு போதும். பத்து வயதுக்காரருக்கு அறுவை சிகிச்சை என்றால் சில நாள் முன்பே தொடங்கலாம்.

ஸ்கார்பரோ, பிராக்டிகம் மாணவி: தமிழ்க் குடும்பம் வந்தா என்னையே மொழிபெயர்க்கச் சொல்றாங்க. பாட்டி வேற, 'அழுதா டாக்டர் இன்னொரு ஊசி போட்டுடுவார்'னு மிரட்டுறாங்க.

விளையாட்டு, கதை, ஆறுதல் எல்லாம் தமிழில் தாராளமாக. நோய் விளக்கமும் சம்மதக் கையெழுத்தும் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேலை. தொலைபேசியிலாவது அவரை அழைக்கச் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். மருந்தளவில் ஒரு சொல் தவறினால் பழி உங்கள் மேல் மட்டும் விழாது, குழந்தையையும் பாதிக்கும்.

பாட்டியைத் திருத்தப் போகாதீர்கள், அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். 'பாட்டி, நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எண்ணுங்க, உங்க குரல் கேட்டாலே அவன் அடங்குவான்' என்றால் மிரட்டல் நின்றுவிடும். குழந்தையிடம் தனியாகச் சொல்லுங்கள்: 'அழறது உன் இஷ்டம். கையை மட்டும் ஆட்டாம வச்சுக்கோ.'

நியூ ஜெர்சி, இன்டர்ன்: வார்டில ஒரு பொண்ணு என்னைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கிறா. மூணு நாளா விளையாடவே இல்ல.

திருப்பட்டும். அந்த வார்டில் அவள் 'போ' என்று சொல்ல முடிகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். டாக்டரையோ நர்ஸையோ அவளால் அனுப்ப முடியாது. 'சரி, சாப்பாட்டுக்கு அப்புறம் எட்டிப் பார்க்கிறேன்' என்று சொல்லி, அதே நேரத்துக்குப் போங்கள். கூப்பிடாமல், அவள் கண்ணில் படும் தூரத்தில் உட்கார்ந்து நீங்களே ஏதாவது வரையுங்கள். வலி, குமட்டல், தூக்கமின்மை இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டீர்களா? அதை முதலில் செய்யுங்கள்.

அவரே: குறிப்பேட்டில என்ன எழுதறது? 'குழந்தை நன்றாக விளையாடினாள்'னு எழுதினா மேடம் அந்த வரியைக் கோடு போட்டு அடிச்சுட்டாங்க.

அடித்தது சரிதான். அந்த வரியை வைத்து அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் என்ன செய்வார்? பார்த்தது, செய்தது, குழந்தை எப்படி எடுத்துக்கொண்டது, அடுத்து என்ன என்று எழுதுங்கள். உதாரணம்: 'கட்டு மாற்றும் முன் பொம்மையில் செய்து காட்டப்பட்டது. டேப் பிரிப்பதைப் பற்றி இருமுறை கேட்டாள். தானே பிரிக்க விரும்புகிறாள். அடுத்த முறை ஓரத்தை அவளே தூக்கட்டும், டேப் நீக்கும் திரவம் பயன்படுத்தவும்.' 'அடம்', 'பிடிவாதம்' என்ற தீர்ப்புகள் வேண்டாம். பெயரோ படமோ உங்கள் போனில் இருக்கவே கூடாது. ஓவியத்தின் படம்கூட.

டல்லாஸ் மாணவி மறுபடி: பதினஞ்சு வயசுக்காரங்களுக்கு என்ன விளையாட்டு அக்கா?

கதவைத் தட்டி, பதில் வந்த பிறகு உள்ளே போவது. அதற்கப்புறம் சீட்டுக்கட்டோ வீடியோ கேமோ, அவர்கள் சொல்வது. கேள்விகளைப் பெற்றோர் இல்லாத நேரத்தில் கேளுங்கள். ஆனால் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான எதையாவது சொன்னால் அன்றே மேற்பார்வையாளருக்குச் சொல்லியாக வேண்டும், அதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அதே மாணவி: கடைசியா ஒண்ணு, இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகை கிடைக்குமா?

பெரும்பாலான இடங்களில் இல்லை, சில மருத்துவமனைகள் தருகின்றன. வாரம் 40 மணி நேரத்தோடு வேறு வேலை பார்ப்பது கஷ்டம். நான்கு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். ஊர் மாற வேண்டுமென்றால் முன்பணத்தையும் சேர்த்து.