காக்கும் மரபணு நோயும் தருமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐஎஃப்ஐஹெச்1 என்ற மரபணு வைரஸ்களிடமிருந்து நம்மைக் காப்பதாக எழுதியிருந்தீர்கள். என் அக்கா மகனுக்கு முதல் வகை நீரிழிவு. அந்நோயோடு தொடர்புள்ள மரபணுக்களின் பட்டியலிலும் இதே பெயரைப் பார்த்தேன். காப்பது எப்படிக் கெடுக்கும்? அவனுக்கு மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

இரண்டுமே உண்மை. இந்த மரபணு உருவாக்கும் எம்டிஏ5 என்ற ஹெலிகேஸ் (ஆர்என்ஏ போன்ற இழைகளைக் கையாளும் வகை) புரதம் வைரஸை அடையாளம் காண்பதில்லை. நீண்ட இரட்டை இழை ஆர்என்ஏ (மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) எங்கே கிடக்கிறது என்றுதான் பார்க்கிறது. பல வைரஸ்கள் பெருகும்போது அது உண்டாகும். கண்டதும் எம்டிஏ5 அதன்மேல் வரிசையாக ஒட்டிக்கொள்ள, மைட்டோகாண்ட்ரியா வழியாகச் சேதி போய், இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதம் சுரக்கிறது.

சிக்கல் என்னவென்றால், நம் செல்களிலேயே இரட்டை இழை ஆர்என்ஏ உண்டு. அடார்1 என்ற நொதி அதில் ஆங்காங்கே எழுத்துகளை மாற்றி, எம்டிஏ5 கண்ணில் படாமல் வைத்திருக்கிறது. ஐஎஃப்ஐஹெச்1 மரபணுவில் சில பிறழ்வுகள் இருந்தால் எம்டிஏ5 அளவுமீறித் துடிப்பாகி, அந்தச் சொந்த ஆர்என்ஏவையும் பகையாகக் கொள்கிறது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஐகார்டி-கூட்டியே நோய்க்கு இது ஒரு காரணம் என்று 2014இல் தெரிந்தது.

முதல் வகை நீரிழிவும் நம் நோயெதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்குவதால் வருவதுதான். அதில் கதை இன்னும் சுவையானது. 2006இல், புரதத்தின் 946ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் திரியோனின் இருப்பவர்களுக்கு முதல் வகை நீரிழிவு வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று கண்டார்கள். ‘ஆபத்தான’ அந்த வடிவம்தான் ஐரோப்பியரில் பெரும்பான்மை! 2009இல் வந்த முடிவு இன்னும் வியப்பு. 1025 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தை 627ஆம் இடத்திலேயே முறித்துவிடும் ஓர் அரிய பிறழ்வு, நீரிழிவு வாய்ப்பைக் குறைக்கிறது. அதாவது, பழுதான மரபணு பாதுகாப்பு தருகிறது. அப்படியானால் அதை நீக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்த குழந்தைகளுக்கு, சாதாரண சளி தரும் ரைனோவைரஸே திரும்பத் திரும்பக் கடும் சுவாச நோயாகிறது. ஆகவே ‘நல்ல மரபணு’, ‘கெட்ட மரபணு’ என்ற பேச்சே எனக்கு ஒப்புதலில்லை.

சோதனை வேண்டாம் என்பேன், மருத்துவர் சொன்னாலொழிய. முதல் வகை நீரிழிவில், தன் செல் எது, அயல் எது என்று நோயெதிர்ப்பு மண்டலம் பிரித்தறிய உதவும் எச்எல்ஏ மரபணுக்களின் பங்கே பெரிது. ஐஎஃப்ஐஹெச்1இன் பங்கு சிறிது. முடிவு எதுவானாலும் அவனுக்கு இன்சுலின் தேவை மாறாது. பிறந்து ஆறு மாதத்துக்குள் நோய் வந்திருந்தால் மட்டும் விஷயம் வேறு: அது ஒற்றை மரபணுக் கோளாறாக இருக்கலாம், சிலருக்கு இன்சுலினுக்குப் பதில் மாத்திரையே போதும். அப்போது கட்டாயம் சோதிக்க வேண்டும்.